மலையில் எபாக்ஸி தளம்: மழையில் சோதனை, வெயிலில் வேலை

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் சாக்லேட் செய்யும் அறை, பேக்கரி, தேயிலை பேக்கிங் கூடம், கார் ஷெட் என்று எது கட்டினாலும் "தரைக்கு எபாக்ஸி போட்டுடலாம்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. நியாயமான ஆசைதான். ரெசின் என்ற பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து தரையில் பூசும் பூச்சுதான் எபாக்ஸி. ஒட்டே தெரியாத ஒரே பரப்பு, டைல்ஸ் இடுக்கில் அழுக்கு சேரும் தொல்லை கிடையாது, எண்ணெய் சிந்தினாலும் துடைத்தால் போய்விடும். ஆனால் டப்பாவோடு வரும் செய்முறைத் தாளில் உள்ள நேரக் கணக்கெல்லாம் பெரும்பாலும் 25, 30 டிகிரி வெப்பத்துக்கானது. அந்தக் கணக்கை நம்பி மேட்டுப்பாளையத்தில் போட்ட தளம் வருடக்கணக்கில் நிற்கும். அதே டப்பாவை மலையேற்றி, அதே கணக்கில் போட்டால் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கொப்பளம் விடும்.

மலையில் தளத்துக்கு இரண்டு பக்கமும் ஈரம். கீழிருந்து ஓதம் ஏறுகிறது, மேலிருந்து மூடுபனி இறங்குகிறது. எபாக்ஸி இறுகிய பிறகு தண்ணீரைத் தாங்கும். இறுகும் வரை தண்ணீர் அதற்கு ஆகவே ஆகாது. கடலோர ஊர்களில் இந்த வேலை செய்பவர்களுக்கும் ஈரக்காற்று தலைவலிதான், ஆனால் அவர்களுக்குச் சூடு துணை நிற்கிறது. நாகப்பட்டினத்தில் காற்றில் ஈரம் 80 சதவீதம் இருந்தாலும் தளம் 30 டிகிரியில் இருக்கும், பூச்சு சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் எபாக்ஸி இறுகும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில், மாலை 15 டிகிரிக்கு இறங்கும் ஓர் அறையில், பூச்சு இரவு முழுக்கப் பிசுபிசுவென்றே கிடக்கும். மூடுபனி உள்ளே வருவதும் அந்த நேரத்தில்தான்.

அதனால் புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: தளத்தை மழைக்காலத்தில் சோதியுங்கள், பூச்சைக் கோடையில் போடுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் முடிக்க நினைப்பதால்தான் இங்கே பாதித் தளங்கள் உரிகின்றன. தரைத்தளத்தில் உள்ள 200 சதுர அடி அறை ஒன்றை மனதில் வைத்து இனி வரிசையாகச் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் பார்க்க வேண்டியது

மலைச்சரிவில் கட்டிய வீட்டின் பின்சுவர் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டியிருக்கும். சரிவை வெட்டி மட்டமாக்கி, அந்த வெட்டுக்கு முதுகைக் கொடுத்தபடி கட்டிடம் நிற்கும். மழைத் தண்ணீர் மேலிருந்து மண்ணுக்குள் இறங்கி, சுவருக்குப் பின்னால் தேங்கி, போக வழி இல்லாமல் தளத்துக்கு அடியில் புகும். பிப்ரவரியில் போய்ப் பார்த்தால் தளம் எலும்பாய்க் காய்ந்திருக்கும். அப்போது ஈரம் அளக்கும் மீட்டர் வைத்தாலும் நல்ல எண்தான் வரும். நவம்பரில் அதே தளத்தில் கால் வைத்தால் சில்லென்று ஈரம் ஏறும்.

உங்கள் ஊரின் மழைக்காலம் எது என்பதையும் கணக்கில் வையுங்கள். கூடலூர், பந்தலூர், ஊட்டிக்கு மேற்கே எமரால்டு, அவலாஞ்சி பக்கமெல்லாம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழைதான் ஊற்றும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை கனக்கும். எந்த மழை உங்கள் தளத்தை நனைக்கிறதோ, அந்த மழையின் நடுவில் போய்ப் பாருங்கள்.

பின்சுவரும் தரையும் சேரும் மூலையில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளையாக, பொடிப்பொடியாக உப்புப் பூத்திருக்கிறதா? சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பெயிண்ட் ஊதியிருக்கிறதா? சிமெண்ட் தரை சில இடங்களில் மட்டும் கறுத்திருக்கிறதா? இப்படி ஒன்று இருந்தாலும் கீழே தண்ணீர் நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம். உப்பு தானாக மேலே வராது, தண்ணீர்தான் அதைக் கரைத்துத் தூக்கி வருகிறது.

அடுத்து பாலித்தீன் சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில், கண்ணாடி போலத் தெரியும் கெட்டியான பாலித்தீன் ஷீட்டை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டுத் தரையில் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும் என்பது பொதுவான விதி. மலையில் இரண்டு மூன்று நாள் விடுவதே நல்லது, குளிர்ந்த தளத்திலிருந்து ஈரம் மெதுவாகத்தான் மேலே வரும். பின்சுவர் ஓரம் ஒன்று, நடுவில் ஒன்று, வாசல் பக்கம் ஒன்று என்று ஒட்டுங்கள். எடுத்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடிப்பக்கத்தில் நீர்த்துளி இருந்தாலோ, கான்கிரீட் சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்திருந்தாலோ ஓதம் இருக்கிறது. அடியில் ஒன்றுமே இல்லையென்றால் அது அந்த மூன்று நாளுக்கான பதில் மட்டுமே. ஷீட் காய்ந்திருக்கிறது என்பதை மட்டும் நம்பி வேலையில் இறங்காதீர்கள்.

கான்கிரீட்டுக்கான ஈரமானி கிடைத்தால் அதையும் வைத்துப் பாருங்கள். சாதாரண எபாக்ஸி பிரைமர்களுக்குத் தளத்தின் ஈரம் எடையில் 4 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வைக்கும் வரம்பு. மரத்துக்கான மீட்டரைக் கொண்டு வந்து கான்கிரீட்டில் குத்துபவர்கள் உண்டு. அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

தளமே புதிதாகப் போடப் போகிறீர்கள் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஜல்லி, மணல் நிரப்பி மட்டம் செய்த பிறகு 1000 கேஜ் பாலித்தீன் ஷீட்டை விரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஓர் அடியாவது ஏறும்படி வைத்து, டேப் போட்டு, சுவர் ஓரத்தில் மேலே மடக்கிவிட்டு அதன் மேல் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். மொத்தச் செலவில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. பிறகு பல ஆயிரம் செலவழித்தாலும் தளத்தை உடைக்காமல் அந்த ஷீட்டை உள்ளே வைக்க முடியாது.

புதுத் தளம் 28 நாளில் வலு பெற்றுவிடும். காய்வது வேறு கணக்கு. நல்ல வெயிலும் காற்றும் உள்ள இடத்திலேயே ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பார்கள். நான்கு அங்குலத் தளத்துக்கு நான்கு மாதம், மலையில் அதற்கு மேலேயும் ஆகும். "ரெண்டு நாள் வெயில் அடிச்சா காஞ்சுடும் சார்" என்று மேஸ்திரி சொன்னால், மேல்பரப்பைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓதம் இருந்தால் என்ன செய்வது

முதல் வேலை வெளியேதான். பின்சுவருக்குப் பின்னால், தளத்தின் மட்டத்தைவிடக் கீழே போகும்படி ஒரு வாய்க்கால் தோண்டி, துளையிட்ட பைப் போட்டு, சுற்றி ஜல்லி நிரப்பி, தண்ணீரைக் கட்டிடத்தைத் தாண்டிச் சரிவில் இறக்குங்கள். கூரையிலிருந்து விழும் தண்ணீருக்கும் தனியாக வழி கொடுங்கள். பல இடங்களில் இதோடு பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். வாய்க்கால் வெட்டிய பிறகு இன்னொரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தொழில் தொடங்க அவசரம் என்றால் இந்தக் காத்திருப்பு கசக்கும், புரிகிறது. ஆனாலும் காத்திருங்கள்.

அதற்குப் பிறகும் இலேசான ஓதம் தொடர்ந்தால், ஈரத்தளத்துக்கென்றே வரும் ஈரத்தடுப்பு எபாக்ஸி பிரைமரை இரண்டு கோட் போடலாம். எபாக்ஸியும் சிமெண்டும் கலந்த, மூன்று பாகமாக வரும் கலவை ஒன்றும் உண்டு. அதை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனத்தில் இழுத்துவிட்டு அதன் மேல் எபாக்ஸி பூசுகிறார்கள். எப்போதும் தண்ணீர் புழங்கும் இடமாக இருந்தால், கேரட் கழுவும் கூடம் போல, நான் எபாக்ஸியைப் பரிந்துரைக்கவே மாட்டேன். அங்கே பியூ கான்கிரீட் என்று சொல்லும் பாலியூரித்தேன் சிமெண்ட் தளம்தான் சரி. விலை அதிகம், ஆனால் ஈரத்தையும் சுடுதண்ணீரையும் தாங்கும்.

ஊற்றே கசிகிற தளம் என்றால் எந்தப் பூச்சும் வேண்டாம். தரையைத் தேய்த்து, கான்கிரீட்டை இறுக வைக்கும் சிலிகேட் டென்சிஃபையர் மட்டும் அடித்துவிடுங்கள். அது மேலே தோலாகப் படியாது, உள்ளே இறங்கிவிடும். ஈரம் தன் போக்கில் மேலே வந்து காய்ந்து போகும், உரிவதற்கு ஒன்றும் இருக்காது.

எந்த மாதம்

பிப்ரவரி பாதியிலிருந்து மே வரைதான் நமக்குக் கிடைக்கும் காலம். அதற்குள்ளும் மார்ச் மாதமே எனக்குப் பிடித்தது. வெயில் நன்றாக இருக்கும், காற்று காய்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சூடு இன்னும் கூடுதல்தான், ஆனால் மதியத்துக்கு மேல் இடிமழை எப்போது வருமென்று சொல்ல முடியாது. சீசன் கூட்டத்தில் கீழேயிருந்து சாமான் ஏற்றி வருவதும் இழுபறியாகிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில், பகல் வெயில் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் தளம் இரவுக் குளிரை விடாது. அப்போது தொடாதீர்கள்.

தளத்தைத் தேய்ப்பது

கான்கிரீட்டின் மேலே படிந்திருக்கும் சிமெண்ட் பால் வலுவில்லாதது. நகத்தால் சுரண்டினாலே பொடியாகும். அதன் மேல் பூசினால் எபாக்ஸி அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், கான்கிரீட்டை அல்ல. வைரக் கப் வீல் மாட்டிய ஃப்ளோர் கிரைண்டரை வாடகைக்கு எடுத்து, தரை முழுவதும் இரண்டு தடவை, ஒன்றுக்கொன்று குறுக்காக ஓட்டுங்கள். ஓரங்களுக்குச் சின்ன ஆங்கிள் கிரைண்டர். தேய்த்து முடித்த தளத்தில் உள்ளங்கையை வைத்து இழுத்தால் உப்புத்தாள் போல நறநறவென்று இருக்க வேண்டும். வழவழப்பாக ஒரு திட்டு தட்டுப்பட்டாலும் அந்த இடத்தை மறுபடி தேய்க்க வேண்டும்.

ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மலையில் அது வேண்டவே வேண்டாம். ஆசிட்டைக் கழுவ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அந்தத் தண்ணீர் தளத்துக்குள் இறங்கி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். மாதக்கணக்கில் காயவைத்த தளத்தை நீங்களே நனைத்த மாதிரி.

தேய்த்த பிறகு அங்கங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் உறிஞ்சினால் சரி. முத்தாக அப்படியே நின்றால் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. பழைய தேயிலை ஃபேக்டரிகளில் உருட்டு இயந்திரம் நின்ற இடம், கார் ஷெட்டில் என்ஜினுக்கு நேர் கீழே, இங்கெல்லாம் எண்ணெய் அங்குலக் கணக்கில் இறங்கியிருக்கும். டீகிரீசர் போட்டுத் தேய்த்தும் சொட்டு நின்றால், அந்த இடத்தைக் கொத்தி எடுத்து எபாக்ஸி மோர்ட்டார் வைத்து நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

மெல்லிய விரிசல்களைக் கிரைண்டரால் ‘வி’ வடிவில் கீறி, எபாக்ஸி பட்டியில் சிலிக்கா மணல் கலந்து அடைத்துவிடுங்கள். கட்டிடத்தோடு அசையும் ஜாயிண்ட்டுகளை மட்டும் பூசி மூடியபடியே விடாதீர்கள். பூச்சு முடிந்ததும் ஜாயிண்ட் உள்ள நேர்கோட்டில் வெட்டி, பியூ சீலன்ட் நிரப்புங்கள்.

தூசியை வேக்கம் கிளீனரால் எடுங்கள். துடைப்பம் தூசியைக் கிளப்பி மறுபடி படியவைக்கும். ஈரத் துணி கூடாது. தேய்க்கும்போது எழும் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கெடுதல். என்95 மாஸ்க் இல்லாமல் யாரையும் கிரைண்டர் பிடிக்க விடாதீர்கள்.

ஏற்கெனவே போட்ட பூச்சு உரிந்து, மறுபடி போடப் போகிறீர்களா? உரிந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் பொடி ஒட்டியிருந்தால் சரியாகத் தேய்க்கவில்லை, சிமெண்ட் பால் கழன்று வந்திருக்கிறது. அடிப்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் ஏதோ பிசுக்கு இருந்திருக்கிறது. கொப்பளத்தைக் குத்தும்போது உள்ளிருந்து தண்ணீர் பீறிட்டால், கீழிருந்து ஏறிய ஈரம் பூச்சுக்கு அடியில் அழுத்தம் கட்டியிருக்கிறது. முதலிரண்டும் செய்த வேலையின் குறை. மூன்றாவது என்றால் மேலே சொன்ன வாய்க்காலிலிருந்து தொடங்க வேண்டும்.

பனிப்புள்ளி: இதைக் கணக்கிடாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்

குளிர்ந்த தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்போம். காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் துளியாக மாறுகிறதோ அதுதான் பனிப்புள்ளி. தளம் அந்த அளவுக்குக் குளிர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன் மேல் படியும். பார்த்தால் காய்ந்த தரை மாதிரியே இருக்கும். தளத்தின் வெப்பம் பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி.

இதற்கு இரண்டு கருவி போதும். அறையின் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒன்று, தரையை நோக்கிப் பிடித்தால் சூடு காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று. கணக்கு எளிது: 100-லிருந்து ஈரப்பத சதவீதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, வரும் எண்ணை அறை வெப்பத்திலிருந்து கழியுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது இந்தக் குறுக்குக் கணக்கு வேலைக்குப் போதுமான அளவு சரியாக வரும்.

கோத்தகிரியில் மார்ச் மாதக் காலை ஒன்பது மணி என்று வைத்துக்கொள்வோம். அறை 18 டிகிரி, ஈரம் 85 சதவீதம். 100 கழித்தல் 85, 15. ஐந்தால் வகுத்தால் 3. பனிப்புள்ளி 15 டிகிரி. தளம் 16 காட்டுகிறது. இடைவெளி ஒரு டிகிரிதான், கூடாது. பன்னிரண்டு மணிக்கு மறுபடி பார்க்கிறீர்கள்: அறை 22, ஈரம் 65. கழித்து வகுத்தால் 7, பனிப்புள்ளி மறுபடியும் 15. தளம் இப்போது 19. நான்கு டிகிரி இடைவெளி இருக்கிறது, தொடங்கலாம். காற்றில் உள்ள நீரின் அளவு மாறவில்லை, தளம் சூடேறியதுதான் வித்தியாசம். அந்தச் சூட்டை இழக்காமல் வைத்திருப்பதே மீதி வேலை முழுவதும்.

இதோடு இரண்டு எல்லைகள். தளம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் சாதாரண எபாக்ஸி வேண்டாம். காற்றில் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால், மற்ற கணக்கு எப்படி இருந்தாலும் வேண்டாம்.

அறையைச் சூடாக்கலாம், சூடாக்கத்தான் வேண்டும். ஆனால் மின்சார ஹீட்டரால் மட்டும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும், கூடவே கரியமில வாயுவும். இந்த இரண்டும்தான் இன்னும் இறுகாத எபாக்ஸிக்கு ஆகாதவை. மண்ணெண்ணெய் ஹீட்டரும் அப்படியே. கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்குப் பயந்து அதைச் செய்து மலையில் தூக்கத்திலேயே போனவர்கள் இருக்கிறார்கள். காவலுக்குப் படுக்கும் ஆளிடமும் இதைச் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்.

ஹீட்டரை வேலைக்கு முதல் நாளே போட்டுவிடுங்கள். காற்று ஒரு மணி நேரத்தில் சூடாகும், நான்கு அங்குலக் கான்கிரீட்டுக்கு ஒரு நாளாவது வேண்டும்.

எவ்வளவு வாங்குவது, எப்படிக் கலப்பது

முதல் தடவை செய்பவர்கள் ரோலர் பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தானாக மட்டமாகும் 2 மில்லிமீட்டர் தளம் பார்க்க அழகு, ஆனால் குளிரில் அது ஓடாமல் திட்டுத் திட்டாக நிற்கும். அதற்குக் கை பழக வேண்டும்.

200 சதுர அடி என்பது 18.6 சதுர மீட்டர். பிரைமர் சதுர மீட்டருக்குக் கால் கிலோ என்று வைத்தால் 4.7 கிலோ. தேய்த்த கான்கிரீட் கூடுதலாக உறிஞ்சும், ஐந்தரை கிலோ வாங்குங்கள். மேல்பூச்சு இரண்டு கோட்டுக்கு 10 கிலோ. 2 மில்லிமீட்டர் தளமாக இருந்தால் 37 லிட்டர், எடையில் 55 கிலோவுக்கு மேல் போகும். செலவு எங்கே ஏறுகிறது என்று இதிலேயே தெரியும்.

சாமானை முதல் நாள் இரவு ஹீட்டர் போட்ட அறையிலேயே வையுங்கள். வண்டியிலோ வராந்தாவிலோ விட்டால் காலையில் ரெசின் தேன் பாகாக இறுகியிருக்கும். சில சமயம் டப்பாவுக்குள் சர்க்கரை படிந்த மாதிரி வெளுத்துக் குருணையாகிவிடும். கெட்டுப்போனது என்று தூக்கிப் போட வேண்டாம். 50 டிகிரி வெந்நீரில் டப்பாவை வைத்துத் தெளியும் வரை கலக்கி, பிறகு ஆறவிட்டுப் பயன்படுத்தலாம்.

ரெசின், ஹார்டனர் இரண்டையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் தராசு வைத்து நிறுத்துச் சேருங்கள். "குளிரா இருக்கு, ஹார்டனர் கொஞ்சம் தூக்கலா விடுங்க" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஹார்டனர் இங்கே வேகமூட்டும் மருந்து இல்லை, ரெசினோடு சேர்ந்து பூச்சாகவே மாறும் பாதிப் பொருள். கூடினாலும் குறைந்தாலும் மிஞ்சிய பொருள் இறுகாமல் உள்ளேயே நின்று, தளம் கடைசி வரை ஒட்டும். குளிருக்கு என்றே வேகமாக இறுகும் ஹார்டனர் தனியாக வருகிறது, வேண்டுமானால் அதைக் கேட்டு வாங்குங்கள். கெட்டியாக இருக்கிறதென்று தின்னர் ஊற்றுவதும் கூடாது. அது குளிரில் வெளியேறாமல் பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும்.

மெதுவாகச் சுற்றும் மிக்ஸரால் மூன்று நிமிடம் கலக்குங்கள். வேகமாகச் சுற்றினால் காற்று உள்ளே போய்க் குமிழ் வரும். கலந்ததை இன்னொரு சுத்தமான வாளிக்கு மாற்றி ஒரு நிமிடம் மறுபடி கலக்குங்கள். முதல் வாளியின் ஓரத்திலும் அடியிலும் கலக்காத பிசின் ஒட்டியிருக்கும், அதை வழித்துத் தரையில் போட்டால் அந்த இடம் இறுகாது. கலந்த உடனே தரையில் ஊற்றிப் பரப்புங்கள். வாளியிலேயே நின்றால் தானே சூடேறி, புகைந்து, கட்டியாகிவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால் நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும். எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாளுக்கும் போகாது, தொழிலையே விட வேண்டி வரும். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும். தின்னரால் கை கழுவினால் அது பிசினைத் தோலுக்குள்ளேயே இறக்கிவிடும்.

பூசும் நாள்

சமவெளியில் மாலையில் பூசுவார்கள். வெயில் இறங்கி, தளம் ஆறும்போது கான்கிரீட்டுக்குள் இருக்கும் காற்று வெளியே தள்ளாது, ஊசித்துளை வராது என்பதற்காக. மலையில் மாலை நமக்குக் கிடையாது. பதினொன்று, பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடித்து, மூன்று மணிக்குக் கதவு ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். ஊசித்துளைப் பிரச்சினைக்கு, முதல் நாளே அறையைச் சூடாக்கித் தளத்தை ஒரே சீராக வைத்திருப்பதும், ஜன்னல் வழியே நேர் வெயில் தரையில் விழாமல் துணி கட்டுவதும் போதும்.

பிரைமரை ஓரங்களில் பிரஷ்ஷாலும் நடுவில் ரோலராலும் தேய்த்துத் தேய்த்துப் பூசுங்கள். உள் மூலையில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள். அரை மணி நேரத்தில் மங்கலாகி உறிஞ்சிய இடங்களுக்கு இன்னொரு கை கொடுங்கள். மேல்பூச்சு மறுநாள் மதியம். இரண்டு கோட்டுக்கு நடுவே 48 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே அடுத்த கோட். நனையும் இடமாக இருந்தால், ஈரமாக இருக்கும் முதல் மேல்பூச்சின் மீது மெல்லிய குவார்ட்ஸ் மணலைத் தூவி, காய்ந்ததும் ஒட்டாததைக் கூட்டியெடுத்து, அதன் மேல் கடைசிக் கோட் போடுங்கள். வெறும் எபாக்ஸி தண்ணீர் பட்டால் வழுக்கும். வெயில் படும் வராந்தா, பால்கனிக்கு எபாக்ஸி மட்டும் போடாதீர்கள், மஞ்சளாகிவிடும். மேலே பியூ கோட் ஒன்று வேண்டும்.

இரவு ஹீட்டர் ஓட வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே யோசித்துவையுங்கள், மலையில் மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் அன்றைய இரவு இருட்டுத்தான்.

மறுநாள் காலை

கதவைத் திறந்ததும் விரலால் தளத்தைத் தடவிப் பாருங்கள். மெழுகு தடவியது போல வழவழப்போ, வெள்ளையாகப் பூத்த மாதிரி ஒரு படலமோ இருக்கிறதா? இறுகாத ஹார்டனர், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் உப்புப் படலம் அது. அதன் மேல் அடுத்த கோட் போட்டால் ஒட்டாது. சில்லின் அடிப்பக்கம் கண்ணாடி போல இருக்கும் என்று சொன்னேனே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பார்த்த உடனே தின்னரை எடுப்பார்கள். தின்னரில் அது கரையாது, இழுபட்டுப் பரவும். வெந்நீரில் கரையும். இளஞ்சூடான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து, சுத்தமான தண்ணீரில் இன்னொரு தடவை துடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் 120 நம்பர் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, தூசியை எடுத்துவிட்டு, பனிப்புள்ளியைப் பார்த்துத் தொடருங்கள். கடைசிக் கோட்டில் இந்தப் படலம் வந்திருந்தாலும் கழுவியே ஆக வேண்டும், இல்லையென்றால் தளத்தின் பளபளப்பு திரும்பாது.

பயன்பாட்டுக்கு விடுவது

25 டிகிரியில் ஒரு நாளில் நடக்கலாம், ஏழு நாளில் முழுதாக இறுகும். 15 டிகிரி அறையில் இரண்டையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்: இரண்டு நாள் கழித்துச் செருப்பில்லாமல் நடக்கலாம், இயந்திரம் ஏற்றுவதும் கார் விடுவதும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் இரண்டு வாரம் கழித்துத்தான். கட்டை விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள், தடம் பதிந்தால் இன்னும் நேரமிருக்கிறது.

மிஞ்சிய ரெசினையும் ஹார்டனரையும் தனித்தனியாக வெளியே கொட்டாதீர்கள். அதே விகிதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பழைய தட்டில் மெல்லியதாக ஊற்றி, கட்டியான பிறகு நகராட்சிக் குப்பையில் சேருங்கள். ரோலர் கழுவிய தின்னரை மூடிய டப்பாவில் வைத்துக் கீழே எடுத்துப் போங்கள். குன்னூர் ஓடையில் கொட்டுவது பவானிக்குப் போய்ச் சேரும், அங்கே அதைக் குடிக்கும் ஊர்கள் இருக்கின்றன. கலந்த தேதி, விகிதம், அன்றைய அறை வெப்பம், ஈரம், தளத்தின் சூடு ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி மெயின் சுவிட்ச் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். சில வருடம் கழித்து ஒட்டுப்போட வரும் ஆளுக்கு முதலில் தேவைப்படுவது அந்தக் கணக்குத்தான்.